நான் போதுமானவன் அல்லன்

மட்டக்களப்பில் ஒருவரை "எந்தக் கரை?" என்று கேட்பதற்குள் பல கேள்விகள் அடங்கியிருக்கும். வாவிக்குக் கிழக்கே கடலோரமாக நீளும் நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமாக விரிவது படுவான்கரை. சூரியன் எழுவதையும் படுவதையும் பார்த்து முன்னோர் இட்ட அழகான பெயர்கள்தாம். ஆனால் வீதி, மின்சாரம், பெரிய பாடசாலைகள் எல்லாம் நெடுங்காலம் கிழக்குக் கரையிலேயே தங்கிவிட்டமையால், 'படுவான்கரையான்' என்ற சொல்லில் ஓர் இளக்காரமும் சேர்ந்துகொண்டது. மண்முனைத்துறையில் பாலம் திறக்கப்பட்டதே 2014 இல்தான். அதுவரை அங்கே ஓடியது பாதை (பாதை என்றால் எங்களுக்கு ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் மிதவை).

நான் படுவான்கரையான். கலைப் பட்டம் பெற்ற பின்னரும், கொழும்பில் ஒரு நாளேட்டின் ஆசிரியபீடத்தில் அமர்ந்த பின்னரும் அந்தச் சொல் என் தோளை விட்டு இறங்கவில்லை. தொலைபேசியின் மறுமுனையில் ஆங்கிலம் கேட்டால் நா உலர்ந்துவிடும். என் பேச்சுத் தமிழைக் கேட்டு அயல் மேசைக்காரர்கள் சிரித்ததும் உண்டு.

அந்நாட்களில் தன்னம்பிக்கை நூல்கள் பலவற்றை வாசித்தேன். 'உன்னால் முடியும்' என்று காலையில் சொல்லிக்கொண்டால் மதியம்வரை தாங்கும். கிறிஸ்தவ விசுவாசமும் இதையேதான் ஜெபத்தோடு சேர்த்துச் சொல்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். சில பிரசங்கிமாரும் அப்படித்தான் பேசுகின்றனர். வேதாகமத்தை ஆற அமர வாசித்தால் வேறொன்று தெரியும். தான் திக்குவாயன் என்று மோசே முறையிட்டபோது, "இல்லை, நீ நன்றாகப் பேசுகிறாய்" என்று கடவுள் தேற்றவில்லை. அந்தக் குறையை அவர் மறுக்கவேயில்லை. வாயைப் படைத்தவர் யார் என்று கேட்டார். கூடவே இருப்பதாகச் சொன்னார். துணைக்கு ஆரோனையும் அனுப்பினார். தன் குடும்பமே மனாசே கோத்திரத்தில் மிக எளியது என்றான் கிதியோன். அவனும் ஏறத்தாழ ஒரு படுவான்கரையான்தான்! பவுல் மூன்று முறை மன்றாடியும் அவருடைய முள் எடுக்கப்படவில்லை. ஆக, 'நான் போதுமானவனா?' என்ற கேள்விக்கு இவர்களில் எவருக்கும் 'ஆம்' என்ற விடை கிடைக்கவில்லை. போ என்ற கட்டளை மட்டுமே கிடைத்தது. எனக்கு இது பெரிய விடுதலையாக இருந்தது.

எங்கள் ஊர் வரலாற்றிலேயே இப்படி ஒருவர் உண்டு. மெதடிஸ்த மிஷனரியான வில்லியம் ஓல்ட் 1814 இல் மட்டக்களப்புக்கு வந்தார். வரும் வழியில் கப்பலிலேயே மனைவி இறந்துபோனார். குழுவின் தலைவர் தோமஸ் கோக்கும் அவ்வாண்டு மே மாதத்தில் நடுக்கடலில் காலமானார். தலைவரின்றி, துணையின்றி, மொழியும் தெரியாமல் வந்திறங்கிய அம்மனிதர் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1815 ஏப்ரலில் இறந்தார். இங்கே அவர் வாழ்ந்தது ஏறத்தாழ எட்டு மாதங்கள். மிஷனரிமாரின் பணி குறித்து எனக்கு விமர்சனங்கள் உண்டு, அது வேறு கதை. ஆனால் காய்ச்சல் வந்து படுத்த நாட்களில், எதையும் முடிக்காமல் போகிறோம் என்றுதானே அவர் எண்ணியிருப்பார்? மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றும் 1814 ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொள்கிறது. இருநூறாவது ஆண்டையும் கடந்துவிட்டது.

2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் நாவலடிக்குச் சென்றேன். கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய மணற்திட்டு அது. வீடுகள் இருந்த இடத்தில் அத்திவாரங்கள் மட்டும் கிடந்தன. எத்தனையோ ஆண்டு எழுதிப் பழகிய கைக்கு ஒரு வாக்கியமும் வரவில்லை. இதை எழுதத் தகுந்தவன் நான் அல்லன் என்ற பழைய எண்ணம் மறுபடியும் வந்தது. அன்று அதனோடு நான் வாதாடவில்லை. அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு, "கூட இரும்" என்று மட்டும் ஜெபித்துவிட்டுக் குறிப்பேட்டைத் திறந்தேன்.

வயதான தாயொருவர் அருகில் வந்து அமர்ந்தார். பேரப்பிள்ளைகள் மூவரை இழந்தவர். "எழுது மனே, வயசையும் போட்டு எழுது" என்றார். எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு முறையும் வாசிக்கச் சொன்னார்.