நல்ல தண்ணீர்

தண்ணீர் என்றால் தண்ணீர்தான் என்று எண்ணுகிறவர்கள் பாக்கியசாலிகள். தூத்துக்குடியில் பிறந்தவர்களுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. அங்கே உப்புத் தண்ணீர் உண்டு. நல்ல தண்ணீர் உண்டு. முன்னது எங்கே தோண்டினாலும் வரும். பின்னதைத் தேடித்தான் எங்கள் ஆச்சி தம் குழந்தைப் பருவத்தில் பாதியைக் கழித்தார்.

ஆச்சி பிறந்தது 1915-ம் வருஷத்தில். விடியுமுன் தாயாருடன் சென்று மணலில் ஊற்றுத் தோண்டி, கசியும் நீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்பிய கதையை அவர் சலிக்காமல் சொல்வார். ஒரே ஒரு கதையை மட்டும் ஒரு முறைக்கு மேல் சொன்னதில்லை. நாலு வயதுத் தம்பி ஒருவன் இருந்தான். ஒரு நாள் காலையில் திண்ணையில் விளையாடிக் கொண்டிருந்தான். மறுநாள் காலையில் அவன் இல்லை. வாந்திபேதி! அவன் குடித்தது எந்த ஊற்றுத் தண்ணீர் என்பது ஆச்சிக்குத் தெரியும். மொண்டு வந்தவர் அவரேதான்.

அந்தக் கடற்கரைக்கு வாந்திபேதி புதிய விருந்தாளி அல்ல. முத்துக்குளிப்பு என்றால் நமக்கு ராஜாக்களின் ஹாரமும் ராணிகளின் தோடுந்தான் நினைவுக்கு வருகின்றன. குளிக்கும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவு வருவது வேறு. எதிர்க்கரையில், இலங்கையைச் சேர்ந்த மரிச்சுக்கட்டியில், 1905-ல் பெரிய குளிப்பு நடந்தது. நம் கரையிலிருந்தும் ஏராளமானோர் தோணி ஏறிப் போனார்கள். வெறும் மணல்வெளியில் சில வாரங்களுக்குள் பல்லாயிரம் பேர் கொண்ட பட்டணம் ஒன்று முளைத்துவிட்டது. எடுத்த சிப்பிகள் எட்டுக் கோடிக்கு மேல். முத்தை எடுக்க அந்நாளில் கைக்கொண்ட உபாயமோ, சிப்பியை நாட்கணக்கில் அழுக விடுவது! ஈயும் நாற்றமும் எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம். இத்தகைய கூட்டத்தில் வாந்திபேதி புகுந்துவிட்டால், முத்தாவது ரத்தினமாவது? உயிர் தப்பினால் போதுமென்று கலைய வேண்டியதுதான்.

சர்க்கார் கண்ட பரிகாரம் ஒன்று உண்டு. தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் ஏழைத் தொழிலாளிகளை மண்டபத்தில் முகாம் போட்டு நாட்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். நோயை ஆளிடத்தில் தேடினார்கள். ஆள் குடித்த தண்ணீரிடத்தில் தேட வேண்டுமென்று லண்டனில் ஜான் ஸ்நோ என்ற வைத்தியர் 1854-லேயே காட்டியிருந்தும், கிணற்றைச் சீர்செய்வதைக் காட்டிலும் கூலியை நிறுத்துவது சுலபமாயிருந்தது போலும்.

அந்நிய சர்க்காரின் பட்டங்களிடம் எனக்கு அவ்வளவாகப் பக்தி கிடையாது. ஆயினும் ஒரு ராவ் பகதூருக்கு மட்டும் நான் கைகூப்பத் தயார். அவர்தான் தூத்துக்குடி நகரசபைத் தலைவராயிருந்த குரூஸ் பர்னாந்து. பஞ்சம் முற்றிய காலத்தில் கடம்பூரிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வரச் செய்தார். அதுவும் போதாதென்று, 1927-ல் வல்லநாட்டிலிருந்து தாமிரவருணியையே குழாய் வழியாக ஊருக்குள் அழைத்து வந்துவிட்டார். 1906-ல் சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட ஊர் என்று மார்தட்டுகிறோம், நியாயமே. ஆனால் பல மைல் தாண்டி வந்த இந்தக் குழாயையும் அதன் பக்கத்திலேயே வைத்துப் பேசலாம். எங்கள் குடும்பத்தில் அதன் பிறகு வாந்திபேதிக்கு யாரும் பலியாகவில்லை.

ஆகவே, 2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கொரோனா வந்து, வீட்டுக்குள் இருங்கள், கையைக் கழுவுங்கள் என்று முழங்கியபோது, நான் சற்று மிதப்பாகவே இருந்தேன். என் வீட்டில் ஐந்து குழாய்கள். எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மாளை டெலிபோனில் கூப்பிட்டு, "அடிக்கடி சோப்புப் போட்டுக் கையைக் கழுவு, தாயி!" என்று உபதேசம் செய்தேன்.

"எந்தத் தண்ணியிலே, அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

அவள் குடியிருந்தது ஒரு வளவு. பதினொரு குடித்தனம், முற்றத்தில் ஒரு குழாய், கோடியில் இரண்டு கழிப்பிடம். வீட்டுக்குள் இருந்தால் தண்ணீர் இல்லை; தண்ணீர் வேண்டுமானால் வீட்டுக்குள் இருக்க முடியாது. குழாயடியில் ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படத்தான் நிற்க வேண்டும். இரண்டு மாதங்களுக்குள் அவளுடைய மாமியார் காலமானார்.

குழாய் போட்டுவிட்டால் கொள்ளைநோய் ஒழிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கொரோனா மூச்சில் வருவது. குழாய்க்கும் சாக்கடைக்கும் குறைவே இல்லாத நியூயார்க்கு நகரம் அவ்வருஷம் பட்ட பாட்டை உலகமே பார்த்தது. ஆனால் பம்பாயில் 2020 ஜூலையில் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தபோது, குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கு 57 பேருக்கு நோய் தொட்டுப் போயிருந்தது. மற்ற இடங்களில் 16 பேருக்குத்தான். ஜன நெருக்கமும் பொதுக் கழிப்பிடமும் காரணமாயிருக்கலாம் என்றார்கள் ஆராய்ந்தவர்கள். ஒரே நகரம், ஒரே நோய்!

எல்லோருக்கும் நல்ல தண்ணீரும் கழிப்பிடமும் 2030-க்குள் என்று 2015-ல் உலக நாடுகள் சங்கற்பம் செய்து கொண்டன. அந்தக் கணக்கில், பல குடும்பங்கள் புழங்கும் கழிப்பிடத்தைக் கீழ்ப்படியில்தான் வைக்கிறார்கள். முற்றத்துக் குழாயோ வீட்டோடு சேர்ந்த குழாயாகத் தேறிவிடுகிறது. அதில் எத்தனை குடம் வரிசையில் நிற்கின்றன என்று யாரும் எண்ணுவதில்லை. நானும் அவள் கேட்கும் வரையில் எண்ணியதில்லை.

பிற்பாடு வளவுக்காரரிடம் போய் இன்னும் இரண்டு குழாயாவது போடச் சொன்னேன். செலவில் பாதியை நான் தருவதாகவும் சொன்னேன்.

"இத்தனை வருஷமா இந்த ஒண்ணு போதலையா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி, தை பிறக்கட்டும், பார்க்கலாம்" என்றார்.

தை பிறந்தது. பங்குனியும் முடியப் போகிறது.