சணற் பூ

பூத்து நிற்கும் பயிரை உழுது மண்ணுள் மறைத்தல் முறையாகுமோ? பன்னிரண்டாம் வயதில் எந்தையாரை யான் வினவிய வினா இது.

அஃது 1993ஆம் ஆண்டு. யூரியா முதலிய செயற்கைப் பசளைகள் யாழ்ப்பாணத்துக்கு வருதல் தடையுண்டிருந்த போர்க்காலம். நெல்லறுத்த வயலில், மண்ணின் ஈரம் உலருமுன், தந்தையார் சணல் விதைத்தார். ஏறக்குறைய நாற்பத்தைந்து நாளில் அது என் தோளளவு வளர்ந்து, வயல் முழுதும் பொன்போற் பூத்தது. அப்பொழுதே அவர் ஏர் பூட்டினார். யான் அழுதேன்.

"தம்பி, இன்னும் விட்டால் தண்டு நாராகிவிடும்; கயிறு திரிக்க உதவும், மண்ணிலே கெதியாய் உக்காது. இப்ப தாட்டால்தான் வாற போகம் சோறு" என்றார்.

சணல் அவரையினத்தது என்பதும், அதன் வேர் முடிச்சுக்களில் வாழும் பற்றீரியங்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பதித்து மண்ணுக்கு வளமூட்டுகின்றன என்பதும் பின்னர் நம் கல்லூரியில் யான் கற்றவை. தந்தையாரோ ஏட்டுக் கல்வி இல்லாமலே அதன் பயனை அறிந்திருந்தார். அவ்வயலின் விளைவே என் படிப்புக்குப் பொருளாயிற்று.

2021இல் செயற்கைப் பசளை இறக்குமதி தடைப்பட்டபொழுது தந்தையார் இலர். மூட்டைப் பசளையையே நம்பிச் சணலை மறந்திருந்தேன். வயல் இறுகிக் கிடந்தது. குற்றம் என்னுடையதே. அதன்பின் அறுவடைதோறும் சணல் விதைத்து வருகின்றேன்.

உழும் நாளில் என் மகன் அவ்வினாவையே வினவுகின்றான். தந்தையார் தந்த விடையையே கூறுகின்றேன். போர்க்காலத்தும் பிறநாடு ஏகாது எம்மோடிருந்து, எமக்கு உரமாகிய ஆசிரியப் பெருமக்களையும் அவ்வேளை நினைந்து கொள்கின்றேன்.