மெதுக் கட்டுப்பாடு: செசியின் நிலத்தடியில் ஒரு கைவினை

துகள் இயற்பியல் ஆய்வு ஒவ்வொன்றிலும் இரண்டு கால அளவுகள் ஒருங்கே இயங்குகின்றன. செர்ன் ஆய்வு மையத்தின் எல்.எச்.சி. எனப்படும் பெரும் ஹாட்ரான் மோதுவிப்பானில் புரோட்டான் கொத்துகள் நொடிக்கு ஏறத்தாழ 4 கோடி முறை ஒன்றையொன்று கடக்கின்றன; அவற்றிலிருந்து தரவைத் திரட்டும் மின்னணுச் சுற்றுகள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்தாக வேண்டும். ஆனால் அச்சுற்றுகளுக்கு உரிய மின்னழுத்தம் வருகிறதா, குளிர்விக்கும் திரவம் ஓடுகிறதா, வாயுக் கலவை சரியான விகிதத்தில் இருக்கிறதா என்ற கேள்விகளை நொடிக்கு ஒருமுறையோ அதைவிட அரிதாகவோ கேட்டாலே போதும். இக்கேள்விகளை ஓயாமல் கேட்டு, விடைகளைப் பதிந்து, வேண்டும்போது கருவியின் பகுதிகளை இயக்கவும் அணைக்கவும் செய்கிற அமைப்பைத் துறையினர் 'ஸ்லோ கன்ட்ரோல்' என்கின்றனர். தமிழில் அதனை மெதுக் கட்டுப்பாடு எனலாம். கண்டுபிடிப்புகளைப் பற்றிய நூல்களில் இவ்வமைப்புக்கு ஒரு பத்திகூட ஒதுக்கப்படுவதில்லை என்பது பெருங்குறை.

பிரான்சு நாட்டின் எல்லையோரச் சிற்றூரான செசியில், நிலத்துக்கு அடியில் ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்தில், எல்.எச்.சி.யின் சி.எம்.எஸ். என்னும் உணர்கருவி நிற்கிறது. அங்கே குகைகள் இரண்டு உள்ளன. கருவி இருக்கும் குகைக்குள் மோதல்கள் நடக்கும் வேளையில் எவரும் செல்ல இயலாது. 7 மீட்டர் தடிப்புள்ள கற்காரைச் சுவருக்கு அப்பாலுள்ள பணிக்குகையில் மின்வழங்கிகளும் கணினி அடுக்குகளும் வைக்கப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ 14,000 டன் எடையுள்ள அக்கருவியின் நடுவே, மைனஸ் 268 டிகிரி செல்சியசுக்கும் கீழே குளிர்விக்கப்பட்டு, 18,000 ஆம்பியர் மின்னோட்டத்தைத் தடையின்றிக் கடத்தும் மீக்கடத்துச் சுருள் ஒன்று 3.8 டெஸ்லா காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. சுருளுக்கு உள்ளே, துகள்களின் தடங்களைப் பதியும் சிலிக்கான் தகடுகள் ஏறத்தாழ 200 சதுர மீட்டர் பரப்புக்கு அடுக்கப்பட்டுள்ளன.

கட்டுப்பாட்டு அமைப்பை வடிவமைப்பவர் எத்தகைய பொருளோடு மல்லுக்கட்டுகிறார் என்பதை இந்தச் சிலிக்கான் அடுக்குகளே நன்கு காட்டும். கதிரியக்கம் சிலிக்கானைச் சிறுகச் சிறுகச் சிதைப்பதால் அதில் கசியும் மின்னோட்டம் கூடுகிறது. அதைக் குறைக்கத் தகடுகளைக் குளிரில் வைத்திருக்க வேண்டும். குளிர் மிகுந்தாலோ, சுற்றியுள்ள காற்றின் ஈரம் நீராகப் படிந்து மின்சுற்றுகளைக் கெடுத்துவிடும். ஆகவே வெப்பநிலையை மட்டும் அளந்தால் போதாது; காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் பனிநிலையையும் அளந்து, இரண்டுக்கும் இடையே பாதுகாப்பான இடைவெளி எப்போதும் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். தொடக்க ஆண்டுகளில் இந்த ஈரத்தைப் போதிய அளவு அடக்க முடியாமையால், குளிர்விக்கும் திரவத்தைப் பிளஸ் 4 டிகிரியில் ஓட்ட வேண்டியிருந்தது. 2013, 2014ஆம் ஆண்டுகளின் நீண்ட பராமரிப்புக் காலத்தில் தொழில்நுட்பப் பணியாளர்கள் குழாய்களும் கம்பிகளும் நுழையும் இடுக்குகளை அடைத்து, உலர்வாயுவைப் பாய்ச்சும் ஏற்பாட்டை வலுப்படுத்திய பிறகே, திரவத்தை மைனஸ் 15 டிகிரி வரை இறக்க முடிந்தது. இடுக்கு அடைக்கும் அந்தக் கைவேலையின் பயன்தான் திரையில் ஓர் எண்ணாகத் தெரிகிறது.

பாதுகாப்பை மென்பொருளிடம் முழுவதுமாக ஒப்படைப்பதில்லை என்பது இத்தொழிலின் முதல் விதி. அடித்தளத்தில் இருப்பவை நேரடி மின்கம்பிப் பூட்டுகள். ஒரு நிபந்தனை நிறைவேறினாலன்றி மின்வழங்கி இயங்காதபடி அவை தடுத்துவிடும். அதற்கு மேல், ஆலைகளில் பயன்படும் பி.எல்.சி. என்ற உறுதியான கட்டுப்பாட்டுக் கணினிகளால் ஆன தனிப் பாதுகாப்பு அமைப்பு உள்ளது. புகை, நீர்க்கசிவு, மிகைவெப்பம் ஆகியவற்றைக் கண்டால் அது எவரையும் கேளாமல் மின்சாரத்தை அறுக்கும். இவற்றுக்கும் மேலே அமைவதே பல லட்சம் அளவீடுகளைக் கையாளும் மென்பொருள் அடுக்கு. அபாயம் மின்சாரத்தை அறுக்கவேண்டிய நிலைக்கு முற்றுவதற்கு முன்பே அதனைக் கண்டு, கருவியை ஒழுங்காக இறக்கி வைப்பது இதன் வேலை.

எல்.எச்.சி.யின் நான்கு பெரிய ஆய்வுகளும் இம்மென்பொருளைத் தனித்தனியே எழுதாமல், ஆஸ்திரிய நிறுவனம் ஒன்றின் பி.வி.எஸ்.எஸ். என்ற ஆலைக் கட்டுப்பாட்டு மென்பொருளை 1990களின் இறுதியில் பொதுவாகத் தேர்ந்தெடுத்து, அதன்மேல் தம் கூட்டுக் கட்டமைப்பை எழுப்பின. ஒவ்வொரு பகுதியையும் 'அணைந்தது', 'காத்திருப்பு', 'இயக்கம்', 'பிழை' என்ற சில நிலைகளுக்குள் அடக்கி, கட்டளைகள் மேலிருந்து கிளைகள் வழியே இறங்கவும் நிலைகள் கீழிருந்து மேலே ஏறவும் செய்கிற நிலைப்பொறி மரம் அக்கட்டமைப்பின் முதுகெலும்பு. அதன் வேர், எல்.எச்.சி.க்கு முன் அதே சுரங்கத்தில் நடந்த டெல்ஃபி ஆய்வில் இருக்கிறது.

மோதுவிப்பானை இயக்குவோருக்கும் ஆய்வுக்குழுவினருக்கும் இடையே கைகுலுக்கல் எனப்படும் நடைமுறை ஒன்று உண்டு. புதிய புரோட்டான் கற்றையைச் செலுத்துவதற்கு முன் இயக்குவோர் எச்சரிக்கை அனுப்ப, கருவியின் நுண்ணிய பகுதிகள் உயர் மின்னழுத்தத்தை இறக்கிக் காத்திருப்புக்குச் சென்று, ஆயத்தம் என்ற விடையை அனுப்புகின்றன. கற்றைகள் நிலைபெற்றன என்று அறிவிக்கப்பட்ட பிறகே மின்னழுத்தம் மீண்டும் ஏறுகிறது. முன்பு மனிதர் கவனித்துச் செய்த இவ்வேலையின் பெரும்பகுதி இன்று தானாகவே நடைபெறுகிறது.

ஆயினும் திரைக்கு முன்னே ஒரு மனிதர் இருக்கிறார். ஷிப்ட் முறையில் வரும் இவர்களுள் பலர் உலகின் பல பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வு மாணவர்கள். நள்ளிரவுக்குப் பின் மூன்று மணிக்கு ஒரு மின்வழங்கி நின்றுபோனால் அதைச் சார்ந்த நூற்றுக்கணக்கான அளவீடுகள் ஒரே நேரத்தில் சிவக்கும். மூலக்காரணம் எது, அதன் விளைவுகள் எவை என்று அந்த மாணவருக்குப் புலப்படாவிட்டால், அத்தனை எச்சரிக்கையும் வீணே. ஆகவே ஒன்றன் விளைவாக எழும் எச்சரிக்கைகளைத் தொகுத்து அடக்குவதும், ஒவ்வோர் எச்சரிக்கையோடும் செய்யவேண்டிய செயலையும் அழைக்கவேண்டிய வல்லுநரையும் எளிய சொற்களில் எழுதி வைப்பதும் வடிவமைப்பாளரின் தலையாய கடமைகளாகின்றன. எதைச் சொல்வது என்பதைவிட எதைச் சொல்லாமல் விடுவது என்று தீர்மானிப்பதே கடினமானது.

இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்றுண்டு. தரவுத்தளம் நிரம்பி வழியாமலிருக்க, ஓர் அளவீடு குறித்த எல்லைக்கு மேல் மாறினால் மட்டுமே அதைப் பதிவது வழக்கம். அவ்வாறாயின் மணிக்கணக்கில் மாறாத ஓர் எண், கருவி நலமாக இருப்பதைக் காட்டுகிறதா, உணரியின் கம்பி அறுந்து கடைசி எண்ணே திரையில் தங்கிவிட்டதைக் காட்டுகிறதா? இதனால் ஒவ்வோர் உணரிக் குழுவும் இதயத் துடிப்பைப் போல இடைவிடாது ஓர் அடையாளத்தை அனுப்புமாறு செய்து, அது நின்றால் அதனோடு சேர்ந்த எண்களையெல்லாம் நம்பத்தகாதவை எனக் குறிக்க வேண்டியுள்ளது.

பதிந்துவைத்த எண்ணும் எவராலும் கேட்கப்படாமல் கிடக்கலாம். 2008 செப்டம்பர் 19 அன்று, கற்றை ஏதுமின்றி நடந்த மின்னோட்டச் சோதனையின்போது, எல்.எச்.சி.யின் இரண்டு காந்தங்களுக்கு இடையிலான மின்னிணைப்பு ஒன்று செயலிழந்ததால் மின்பொறி பாய்ந்து, ஏறத்தாழ 6 டன் ஹீலியம் வெளியேறிற்று. 53 காந்தங்களை மேலே கொண்டுவர நேர்ந்தது. பின்னர்ப் பழைய பதிவுகளை ஆராய்ந்தபோது, விபத்துக்குச் சில நாட்களுக்கு முன்னரே அப்பகுதியின் வெப்பநிலை ஒரு டிகிரியில் நூற்றில் நான்கு பங்கு அளவுக்கு ஏறியிருந்தது தெரியவந்தது. அந்த எண்ணை எச்சரிக்கையாக மாற்றும் ஏற்பாடு அப்போது இல்லை. 2009 நவம்பரில் கற்றைகள் மீண்டும் சுற்றத் தொடங்குவதற்குள், இணைப்புகளின் மிகச்சிறிய மின்தடையையும் இடையறாது அளக்கும் புதிய காப்பமைப்பு நிறுவப்பட்டது.

வானிலையும் இவ்வேலையில் நுழைகிறது. சி.எம்.எஸ். கருவியின் வெளியடுக்குகளில் மியூவான் துகள்களைக் கண்டறியும் ஆர்.பி.சி. எனும் வாயு அறைகள் ஏறத்தாழ 9,500 வோல்ட்டில் இயங்குகின்றன. காற்றழுத்தம் மாறினால் அவற்றின் உணர்திறனும் மாறுவதால், அழுத்தத்துக்கு ஏற்ப மின்னழுத்தத்தைத் தானே திருத்தும் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. இவ்வகை அறைகளையும் 85 டன் காந்தத்தையும் கொண்டு மதுரையில் அமைக்கப்பட்ட மினி-ஐகால் என்ற முன்மாதிரி உணர்கருவியிலும், வாயு, ஈரப்பதம், மின்னழுத்தம் ஆகியவற்றைக் காப்பதே அன்றாடக் கவலையாகும்.

இப்பதிவுகளின் வாழ்நாள் ஷிப்டோடு முடிவதில்லை. சி.எம்.எஸ். தரவு ஏறத்தாழ 23 நொடி நீளமுள்ள துண்டுகளாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டின்போதும் எந்தெந்தப் பகுதிக்கு உயர் மின்னழுத்தம் இருந்தது என்ற குறிப்பு மெதுக் கட்டுப்பாட்டிலிருந்தே எடுக்கப்படுகிறது. 2012இல் ஹிக்ஸ் துகளைக் காட்டிய தரவும் இத்தகைய சலித்தெடுப்பைக் கடந்து வந்ததே. தகடுகள் இயக்கத்தில் இல்லாத 23 நொடிகளில் எத்தனை மோதல்கள் பதிவாகியிருந்தாலும், அந்தத் துண்டு ஒதுக்கி வைக்கப்படும்.