சுறாவுக்குள்ள ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர்

சுறான்னு சொன்னாலே நம்மில் பாதிப் பேருக்குப் புட்டுதான் ஞாபகம் வரும். எனக்கு இப்போ லூ ஞாபகம் வருது. இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் இருக்கும் சின்ன ஊர். சுறாத் தூண்டிலுக்குன்னே 1953-ல் அங்கே ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஹாஸ்டலில் ராத்திரி ஒரு மணிக்கு மீன்பிடி வீடியோ பார்ப்பவன் வேறெங்கே போய்ச் சேருவான், சொல்லுங்க?

முறை எளிது. கரையை விட்டுத் தள்ளிப் போய், என்ஜினை அணைத்துப் படகை மிதக்க விடுவார்கள். கானாங்கெளுத்தி மாதிரி எண்ணெய் மீனைக் கூழாக்கி, வலைப் பையில் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுவார்கள். அதுக்குப் பேரு 'ரப்பி டப்பி'. (பேரு மட்டும்தான் அழகு.) அந்த எண்ணெய் வாசனையைப் பிடித்துக்கொண்டே நீலச் சுறா வந்து சேரும்.

ஆனா என்னை இழுத்தது போர்பீகிள்னு இன்னொரு சுறா. 1993 மார்ச்சில், ஸ்காட்லாந்தின் வடகோடியில், பென்ட்லண்ட் ஃபர்த் நீரிணையில் 230 கிலோ எடையில் ஒன்று தூண்டிலில் சிக்கியது. மார்ச் மாசம் அந்தத் தண்ணியில் கால் வெச்சா மரத்துப்போகும். அதில் இது மட்டும் எப்படிப் பாயுது? நாம திட்டிக்கிட்டே படிச்ச கவுண்டர் ஃப்ளோ ஹீட் எக்ஸ்சேஞ்சர்தான்! செவுளில் குளிர்ந்து வரும் ரத்தமும், தசையில் சூடாகித் திரும்பும் ரத்தமும் ஒட்டி ஒட்டி எதிரெதிராக ஓடுகின்றன. சூடு கடலுக்குப் போகாமல் உடம்புக்கே திரும்பிடுது.

இப்படி ஒரு மீனோடுதான் இழுபறி. மெல்லிய நூலில் பெரிய மீன் என்றால்தான் தூண்டில்காரருக்குப் பெருமை. சாதனைப் பட்டியலே நூலின் வலிமை வாரியாக இருக்கு. ஆனா நூல் மெலிய மெலிய இழுபறி நீளும். நீள நீள சுறாவின் தசையில் லாக்டிக் அமிலம் ஏறும். அந்தக் காலத்தில் கரைக்குக் கொண்டுவந்து எடை போட்டார்கள், இப்போ விட்டுவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனா நல்லா நீந்திப் போற மாதிரி தெரிஞ்ச சுறா, பிறகு கேமரா இல்லாத ஆழத்தில் சாகலாம்.

அதனால எனக்குப் பிடித்த படகுக்காரர்கள் கெட்டியான நூல் போடுபவர்கள். வயிற்றுக்குள் போகாமல் வாய் ஓரத்தில் மாட்டும் வட்ட முள், சீக்கிரம் இழுத்து, தண்ணீரை விட்டுத் தூக்காமலே விடுவிப்பது. பார்க்க சுவாரசியம் கம்மி, வியூஸும் கம்மி.

நீங்க பார்க்கும்போது மீன் மாட்டின நேரத்தைக் குறிச்சு வைங்க. ஒரு மணி நேரம் போராடினோம்னு தலைப்பிலேயே பெருமை அடிக்கிற வீடியோவை நான் திறக்கிறதே இல்லை.