திரைக்குப் பின்னே சடாயு

நள்ளிரவு தாண்டிவிட்டது. பாலக்காட்டுப் பக்கம் ஒரு பகவதி கோயில்; எதிரே கூத்துமாடம். முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர் ஒருவருமில்லை. அசுரன் தாரிகனை அழிக்கப் போனதால் இராம இராவண யுத்தத்தைக் காண முடியாமற்போன பத்ரகாளிக்காக நடப்பது இந்தத் தோல்பாவைக் கூத்து. அவள் பார்த்தால் போதும், பாவையாட்டும் புலவர்களுக்கு.

திரைக்குப் பின்னே ஓரமாக ஒதுங்கியிருக்கிறேன். வரிசையாக 21 தேங்காய் மூடிகளில் எண்ணெய்த் திரிகள். புகை கண்ணைக் கரிக்கிறது. மேலே வெள்ளைத் துணி, கீழே கறுப்பு. பழைய பாவைகள் மான்தோலில் வெட்டியவை. இராமனும் அந்தத் தோல்தான், அனுமனும் சாம்பவானும் அந்தத் தோல்தான். இது மகுடம், இது வால், இது சிறகு என்று பிரித்துக் காட்டுபவை உளி குத்திய துளைகள்.

சடாயு வருகிறான். கம்பன் பாட்டை ஒருவர் பாட, மற்றவர் தமிழும் மலையாளமுமாகப் பொருள் விரிக்கிறார். எடுத்த எடுப்பில் சண்டையில்லை. வேண்டாம், சீதையை விட்டுவிடு என்று கிழக்கழுகு இராவணனுக்குப் புத்தி சொல்கிறது. கேட்காதபோதுதான் பாய்கிறது. வில் ஒடிகிறது, தேர்ப்பாகன் சாய்கிறான். பிறகு சிவன் கொடுத்த வாள். ஆட்டுபவரின் மணிக்கட்டு சற்றே திரும்ப, அவ்வளவு பெரிய சிறகும் கறுப்புத் துணியின் விளிம்புக்குச் சரிகிறது.

இராமனோடு சுக்கிரீவன் கொண்ட நட்புக்கு ஓர் உடன்பாடு இருந்தது. வாலியின் உயிர் அதன் விலை. சடாயுவை யாரும் கூப்பிடவில்லை. தோழன் தசரதனின் மருமகளைத் தூக்கிப் போகிறான் ஒருவன். அதைக் கண்டபின் சும்மா இருக்க அந்தக் கிழவனால் முடியவில்லை.

இராமன் வந்து சேர்கிறான். அயோத்தியில் தசரதன் இறந்தபோது அவன் காட்டில் இருந்தான். மூத்த மகன் வைக்க வேண்டிய கொள்ளியை வைக்கக் கொடுத்துவைக்கவில்லை. இப்போது அடுக்கிய விறகின்மேல் தந்தையின் தோழனைக் கிடத்தித் தீ வைக்கிறான், மகனாக நின்று. காப்பியம் முழுவதிலும் இராமன் எனக்கு மிக நெருங்கி வருவது இந்த இடத்தில்தான்.

இளைஞர் ஒருவர் திரையில் குத்தியிருந்த முள்ளைப் பிடுங்கிச் சடாயுவைக் கீழே வைக்கிறார். அடுத்து வர வேண்டிய அரக்கன் கபந்தனை எடுத்துக்கொண்டு காத்து நிற்கிறார். பொருள் சொல்பவருக்கோ சடாயுவை விட மனமில்லை. கழுகும் தசரதனும் தோழரான கதையைத் தொடக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்.