டான் எல்டனின் நோட்டுப் புத்தகங்கள்

2021 ஜூலை 16 அன்று ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்டக்கில் ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் டேனிஷ் சித்திகி கொல்லப்பட்டார். ரோஹிங்கியா அகதிகளைப் படமெடுத்து 2018இல் சக பணியாளர்களுடன் புலிட்சர் பரிசு பெற்றவர். இறக்கும்போது வயது 38. என் அக்கா மகன் அப்போது பள்ளி மாணவன். அந்தச் செய்தியை அவன் மறக்கவில்லை. அக்காவும் மறக்கவில்லை. கல்லூரி முடித்ததும் கேமராவோடு கிளம்பப் போவதாக அவன் சொன்ன அன்று, வாலிகண்டபுரத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தாள்.

"நீ சொன்னா கேப்பான் தம்பி. வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

போனேன். கையில் ஒரு புத்தகம் இருந்தது. அவனைப் பயமுறுத்தத்தான் எடுத்துப் போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அது டான் எல்டனின் 'தி ஜர்னி இஸ் த டெஸ்டினேஷன்'. 1970இல் லண்டனில் பிறந்து, ஏழு வயதிலிருந்து நைரோபியில் வளர்ந்தவர். பதின்வயதில் தொடங்கி பதினேழு நோட்டுகளை நிரப்பினார். புகைப்படம், வரைபடம், செய்தித்தாள் துண்டு, இறகு எல்லாவற்றையும் ஒட்டி, மேலே சாயம் பூசி, ஓரத்தில் கிறுக்கிய பக்கங்கள். 1992இல் சோமாலியப் பஞ்சத்தைப் படமெடுக்கப் போனார். பிறகு ராய்ட்டர்சுக்காக அங்கேயே தங்கினார்.

1993 ஜூலை 12 அன்று மொகதிஷுவில், குலத் தலைவர்கள் கூடியிருந்த ஒரு வீட்டை அமெரிக்க ஹெலிகாப்டர்கள் தாக்கின. ஐ.நா. சொன்ன சாவு எண்ணிக்கை 20. செஞ்சிலுவைச் சங்கம் சொன்னது 50க்கு மேல். உயிர் தப்பியவர்களே பத்திரிகையாளர்களின் விடுதிக்கு வந்து, படமெடுக்க அழைத்துப் போனார்கள். போன இடத்தில் வெகுண்டிருந்த கூட்டம் எல்டனையும் ஹோஸ் மைனா, ஆன்டனி மச்சாரியா, ஹான்ஸி கிராஸ் ஆகிய மூவரையும் அடித்துக் கொன்றது. எல்டனுக்கு 22 வயது.

தாய் கேத்தி அந்த நோட்டுகளிலிருந்து பக்கங்களைத் தொகுத்து 1997இல் நூலாக்கினார். அப்பக்கங்கள் கண்காட்சியாகவும் ஊர் ஊராகச் சென்றன. பெரம்பலூர்ப் பக்கம் அது வராது. சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடையில் இந்த நூல் கிடைத்ததே என் அதிர்ஷ்டம்.

அவன் இரண்டு மணி நேரம் தலை நிமிராமல் புரட்டினான். பிறகு கேட்டான்.

"அவங்கதானே மாமா கூப்பிட்டாங்க? அப்புறம் ஏன்?"

அழைத்தவர்கள் வேறு, அடித்தவர்கள் வேறு என்றேன். அந்த நேரத்தில் வெளிநாட்டு முகம் எல்லாமே ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய முகமாகத் தெரிந்திருக்கும் என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது, பாதிதான் பதில் என்று. மைனாவும் மச்சாரியாவும் கென்யர்கள், பக்கத்து நாட்டுக்காரர்கள்.

மாலையில் வண்டியில் ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போனோம். 1751இல் இங்கே ஒரு சண்டை நடந்தது. சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரரும் ஒரு பக்கம், முகமது அலியும் ஆங்கிலேயரும் மறுபக்கம். தளபதிகளின் பெயர் தெரியும். எவருடைய கம்பங்காட்டில் குதிரைகள் இறங்கின, எந்த வீட்டில் எத்தனை பேர் செத்தார்கள் என்பது நான் படித்த எதிலும் இல்லை. இருபதா, ஐம்பதா என்று கேட்க யாரும் இருந்திருக்கவில்லை. இதை நான் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவனை அனுப்பிவைப்பதாகிவிடும் என்று அஞ்சினேன். ஆனால் அவன் மதிலில் சாய்ந்தபடி, "இங்க ஒரு போட்டோக்காரன் இருந்திருக்கணும் மாமா" என்றான். எனக்கு வாய் எழவில்லை.

இரவு திண்ணையில் உட்கார்ந்து ஒரு பழைய கணக்கு நோட்டில் எதையோ ஒட்டிக்கொண்டிருந்தான். பேருந்துச் சீட்டு, கோட்டையில் பொறுக்கிய மயிலிறகு, அவன் அப்பாவின் பாஸ்போர்ட் அளவுப் படம். பசை தீர்ந்துவிட்டது. அக்கா அடுக்களையிலிருந்து என்னைப் பார்த்தாள். சொன்னாயா என்று கேட்கும் பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போய், ஒரு கைப்பிடிச் சோற்றைக் குழைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள்.