தாய் ஆடு என்ன ஆச்சு?

ஞாயிற்றுக்கிழமை காலையில் வானொலியில் சிறுவர்களுக்கு ஒரு கதை சொல்வது என் வேலைகளில் ஒன்று. மொத்தம் ஏழு நிமிடம். அதில் ஒரு நிமிடம் பிறந்தநாள் வாழ்த்துக்குப் போய்விடும். மிச்சமிருக்கும் ஆறு நிமிடத்துக்குள் ஒரு காடு, இரண்டு மூன்று விலங்குகள், ஒரு சிக்கல், ஒரு முடிவு.

இத்தனை வருடங்களில் நான் அதிகம் சொன்னது ஆட்டு மந்தையில் வளர்ந்த புலிக்குட்டியின் கதை. உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். சினைப்புலி ஒன்று மந்தையின்மேல் பாய்கிறது. பாய்ந்த வேகத்தில் குட்டியை ஈன்றுவிட்டு இறந்துபோகிறது. ஆடுகள் குட்டியை வளர்க்கின்றன. அது புல் மேய்கிறது, 'மே' என்று கத்துகிறது. ஒரு நாள் பெரிய புலி ஒன்று வருகிறது. குட்டியைத் தண்ணீருக்கு இழுத்துப்போய், முகத்தைப் பார்க்கச் சொல்கிறது. வாயில் இறைச்சியைத் திணிக்கிறது. குட்டி முதல் தடவையாக உறுமுகிறது. கதை முடிந்தது, இசை, விளம்பரம்.

வானொலிக்கு இதைவிடத் தோதான கதை கிடையாது. ஆட்டுச் சத்தம், தண்ணீர்ச் சத்தம், புலிச் சத்தம் மூன்றும் இருந்தால் போதும். உறுமலுக்கு முன்னால் இரண்டு விநாடி மௌனம் விடவேண்டும், அதுதான் தொழில் ரகசியம். அந்த இரண்டு விநாடியில் காரில் பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகூடச் சண்டையை நிறுத்திவிடும்.

ஊடகத்துறையில் படித்தபோது எங்கள் விரிவுரையாளர் பலகையில் ஒரு வட்டம் வரைந்து, ஜோசப் கேம்பல் 1949இல் எழுதிய புத்தகத்தை விளக்குவார். நாயகன் வீட்டைவிட்டுப் புறப்படுகிறான், வழியில் ஒரு குரு கிடைக்கிறார், சோதனை வருகிறது, புது மனிதனாகிறான். நான் புலிக்குட்டியை அந்த வட்டத்தில் பொருத்தி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அதற்குமேல் அந்தக் கதையைப் பற்றி யோசித்ததில்லை, பாட்டி கேட்கும்வரை.

பாட்டி எங்களோடுதான் இருக்கிறார். ஞாயிறு காலை சமையலறை வானொலியில் என் குரலைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரிப்பார். அன்றைக்கு நான் வேலை முடிந்து மதியம் வீடு திரும்பியபோது, தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஏன்யா, அந்தத் தாய் ஆடு என்னா ஆச்சு?"

"எந்த ஆடு பாட்டி?"

"புலிக்குட்டிக்குப் பால் குடுத்துச்சே, அது."

கதையில் அப்படி ஓர் ஆடு இல்லை, 'ஆடுகள்'தான் வளர்த்தன என்றேன். "எல்லா ஆடுமா பால் குடுக்கும்? ஒண்ணுதானேய்யா குடுத்திருக்கும்," என்று சொல்லிவிட்டு ரசத்தை எடுக்கப் போய்விட்டார்.

பாட்டி 1950இல் பிறந்தவர். சீனர்களுக்கு அது புலி வருடம். புலி வருடத்தில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகமாட்டாள் என்ற நம்பிக்கை அப்போது பலமாக இருந்தது. பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் காய்கறி பயிரிட்டுக்கொண்டிருந்த ஒரு சீனக் குடும்பம், ஏற்கெனவே நான்கு பிள்ளைகள் இருந்த நிலையில், எட்டு நாள் குழந்தையைத் தோட்டத்தில் பால் வெட்டும் ஒரு தம்பதியிடம் கொடுத்துவிட்டது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. சிவப்புத் தாளில் மடித்த சில வெள்ளி மட்டும் கைமாறியதாம். இந்த நாட்டில் இப்படித் தமிழ் வீடுகளில் வளர்ந்த சீனப் பெண்கள் எத்தனையோ பேர். உங்கள் குடும்பத்திலேயே ஓர் அத்தையோ பெரியம்மாவோ இருக்கக்கூடும்.

பாட்டி லயத்தில் வளர்ந்தார், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தார், தீமிதித்தார். எங்கள் வீட்டில் தோசைக்கு மாவு பதம் பார்க்க அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அப்படிப்பட்டவருக்கு நான் வருடத்துக்கு ஒரு தடவை வானொலியில் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? நீ வளர்ந்த இடம் ஒரு தவறு, உன் இனத்தார் வந்து குளத்தில் முகத்தைக் காட்டினால்தான் நீ யார் என்று உனக்கே தெரியும் என்றா?

அன்று இரவு தூக்கம் வரவில்லை. சொந்த அடையாளத்தைக் கண்டுகொள்ளும் விலங்குக் கதைகளை எல்லாம் மனத்துக்குள் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே சட்டம்தான். பெற்றவள் முதல் வரியிலேயே செத்துப்போக வேண்டும். இருந்தால் குட்டி தொலையாது, கதை நகராது. வளர்த்தவர்களுக்கு முகம் இருக்கக்கூடாது. எப்போதும் 'ஆடுகள்', பன்மையில். உண்மையைச் சொல்ல வருபவர் முன்பின் தெரியாத ஒருவராக இருக்க வேண்டும். கண்ணாடிக்குப் பதில் தண்ணீர். கடைசியில் சாட்சிக்கு ஒரு சத்தம்.

ஆண்டர்சன் 1843இல் எழுதிய அசிங்கமான வாத்துக்குஞ்சிலும் அதே தண்ணீர்தான். குஞ்சு குனிந்து பார்க்கிறது, அன்னம் தெரிகிறது. அந்தக் கதையில் வளர்த்த வாத்து முதலில் குஞ்சுக்காகப் பரிந்துதான் பேசுகிறது. பிறகு அதுவும் அலுத்துப்போகிறது. முடிவில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பஞ்சதந்திரத்தில் சாயத் தொட்டியில் விழுந்து ராஜாவான நீல நரி, மற்ற நரிகள் ஊளையிடுவதைக் கேட்டுத் தானும் ஊளையிட்டு மாட்டிக்கொள்கிறது. அங்கேயும் சத்தம்தான் சாட்சி.

அதே பஞ்சதந்திரத்தில் இன்னொரு கதை இருக்கிறது. நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பெண் சிங்கம் ஒன்று நரிக்குட்டியைத் தன் இரண்டு குட்டிகளோடு மூன்றாவது பிள்ளையாக வளர்க்கிறது. ஒரு நாள் யானையைப் பார்த்து நரிக்குட்டி பயந்து ஓட, சிங்கக் குட்டிகள் கேலி செய்கின்றன. நரிக்குட்டிக்கோ கோபம். அப்போது தாய்ச் சிங்கம் அதைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்கிறது: நீ நரி, என் பிள்ளைகளுக்குத் தெரிவதற்குள் உன் கூட்டத்திடம் போய்விடு, இல்லாவிட்டால் உன்னைக் கொன்றுவிடுவார்கள். முகம் காட்ட அந்நியர் யாரும் வரவில்லை, பாலூட்டியவளே சொல்கிறாள். ஆனால் அங்கேயும் பிறப்புதான் ஜெயிக்கிறது. நரி நரிதான்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புலிக்குட்டிக் கதையை ஸ்ரீராமகிருஷ்ணர் சொன்னது எந்தக் குடும்பத்தையும் பற்றி அல்ல. மனிதன் தன் உண்மை இயல்பை மறந்து கிடப்பதை விளக்க அவருக்கு ஓர் உவமை வேண்டியிருந்தது. அவர் கதையில் ஆடு என்பது மறதி. யாருடைய அம்மாவும் இல்லை. விவேகானந்தர் அதையே சிங்கமும் செம்மறியுமாக மாற்றிச் சொன்னார். குழப்பமெல்லாம் உவமையைப் பிய்த்து வெறும் கதையாக எடுத்துக்கொண்டு வரும் என்னைப் போன்றவர்களால்தான். தன்முனைப்புப் பேச்சாளர்கள் இன்னும் மோசம். 'ஆடாக இருக்காதே, புலியாக இரு' என்று மேடையில் கத்துகிறார்கள். ஆட்டுக்கு என்ன குறை?

மறுநாள் பாட்டியிடம் மெதுவாகக் கேட்டேன். உங்களை யாராவது குளத்துக்குக் கூட்டிப்போனார்களா என்று. சிரித்தார். பிறகு சொன்னார். இந்த வயதுவரை நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

குழந்தையைக் கொடுத்த சில மாதங்களில் அந்தச் சீனக் குடும்பம் அங்கே இல்லை. அவசரகாலம். 1950இல் பிரிக்ஸ் திட்டம் தொடங்கியதும் தோட்டத்து ஓரங்களில் இருந்தவர்களை எல்லாம் முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றினார்கள். அதன்பிறகு தொடர்பு இல்லை. 1972இல் ஒரு நாள் பாட்டியின் அண்ணன் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்கு விசாரித்துக்கொண்டு வந்தாராம். அடுத்த வாரம் பாட்டி பஸ் ஏறிப் போனார். என் அம்மாவுக்கு அப்போது இரண்டு வயது. பிள்ளையை விட்டுவிட்டுப் போ என்று ஆத்தா வாங்கிக்கொண்டாராம். போகாதே என்று சொல்லவில்லை. எப்போது வருவாய் என்றும் கேட்கவில்லை.

"அந்தம்மா மொகம் அப்படியே என் மொகம்யா. கண்ணாடி பாக்குற மாதிரி இருந்துச்சு," என்றார் பாட்டி.

"அப்புறம்?"

"அப்புறம் என்னா. அவங்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. பாசார் மலாய்ல நாலு வார்த்தை பேசுனோம். சோறு போட்டாங்க. நான் கையால சாப்புட்டேன். எல்லாரும் பாத்தாங்க. அந்தம்மா எந்திரிச்சுப் போயி ஒரு கரண்டி கொண்டாந்து வெச்சாங்க."

கரண்டியை எடுத்தீர்களா என்று கேட்டேன். எடுத்தாராம். "பாவம், அவங்க எனக்குன்னு கொண்டாந்தது."

கடைசி பஸ்ஸில் திரும்பியபோது தோட்டத்து முச்சந்தியில் ஆத்தா இடுப்பில் பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தாராம். மத்தியானத்திலிருந்தே நிற்பதாகக் கடைக்காரர் சொன்னாராம். ஆத்தா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சாப்புட்டியா?"

அதற்குப்பிறகு பாட்டி சீனப் புத்தாண்டு தோறும் அந்த வீட்டுக்குப் போய்வந்தார். முறுக்கு சுட்டுக் கொண்டுபோவார். அந்தம்மா 80களில் இறந்தபோது போய்க் கூடவே இருந்தார். ஆத்தா இறந்தபோது அந்த வீட்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அவ்வளவுதான். எந்த வட்டத்திலும் இதைப் பொருத்த எனக்குத் தெரியவில்லை.

கதையை மாற்றி எழுத உட்கார்ந்தேன். உறுமல்வரை சரியாக வந்தது, அதற்குமேல் நகரவில்லை. குட்டி மந்தைக்குத் திரும்பிவந்தால் ஆடுகள் என்ன செய்யும்? தாய் ஆடு மட்டும் பயப்படாமல் ஓடிவந்து நக்கிக்கொடுக்கிறது என்று எழுதினேன். படித்துக் காட்டியபோது பாட்டி தலையை ஆட்டினார். லயத்துக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு ஆடு வளர்த்தவர் அவர்.

"பொய்யி. ஆடுன்னா ஓடும்யா. புலி வாடை வந்தா ஓடத்தான் செய்யும். ஆனா குட்டி போட்ட ஆடு கொஞ்ச தூரம் ஓடிட்டு நின்னு திரும்பிப் பாக்கும்."

அதையே எழுதினேன். ஆடுகள் ஓடின. ஒன்று மட்டும் தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்தது. குட்டிக்கு உறுமத் தெரிந்திருந்தும் 'மே' என்று கூப்பிட்டது. நிகழ்ச்சிப் பொறுப்பாளர் படித்துவிட்டு, "உறுமலில் முடித்தால்தானே நன்றாயிருக்கும்?" என்றார். ஒரு வாரம் பார்ப்போம் என்றேன். சம்மதித்தார்.

ஒலிபரப்பு முடிந்து வீட்டுக்கு வந்தால் பாட்டி முகத்தில் திருப்தி இல்லை.

"கதை பரவால்ல. ஆட்டுச் சத்தம்தான் சரியில்ல. அது வெள்ளைக்காரன் ஆடு."

உண்மைதான். ஒலிநூலகத்தில் ஏதோ வெளிநாட்டுப் பண்ணையில் பதிவுசெய்த செம்மறி அது. அப்படியென்றால் நம் ஊர் ஆடு எப்படிக் குட்டியைக் கூப்பிடும் என்று கேட்டேன். பாட்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தொண்டையைச் செருமி, அடிவயிற்றிலிருந்து ஒரு தடவை கத்திக் காட்டினார். அம்மா அறையிலிருந்து ஓடிவந்துவிட்டார். இன்னொரு தடவை, என்று கைத்தொலைபேசியை நீட்டினேன். நடுவில் குக்கர் விசில் அடித்துவிட்டது. மூன்றாவது தடவை சரியாக வந்தது.